பின்பக்கம் பார்க்கும் அக்கா

எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் போன் அக்கா அதை முதலில் திருப்பிப் போடுவார். மின்சாரக் கட்டண ரசீது, மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துத் தாள், பக்கத்து வீட்டுக் கல்யாணப் பத்திரிகை, எதுவானாலும் சரி, பின்பக்கம் பார்த்த பிறகுதான் முன்பக்கம். வெறுமையாக இருந்தால் விரலால் ஒருமுறை தடவியும் பார்ப்பார். "என்னக்கா, கள்ள நோட்டா?" என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள். "முன்னாடி எழுதறது அவங்களுக்காக. நமக்கு வேண்டியதப் பின்னாடிதான் எழுதுவாங்க" என்பார், சிரிக்காமல்.

பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் கட்டடத்தில், மாடிப்படிக்குக் கீழே சரிந்த கூரையோடு ஓர் அறை. உயரமானவர்கள் தலையை இடித்துக்கொள்ளாமல் உள்ளே வந்ததில்லை. ஒரு மேசை, ஒரு தொலைபேசி, கட்டுக் கட்டாகக் கேள்வித்தாள். இருபத்தைந்து வருடங்களுக்கு முன் இங்கே சேர்ந்தவர்களை ஆண்டுதோறும் தேடிப் பிடித்துப் பேச வேண்டும். அப்பா என்ன வேலை பார்த்தார், அம்மா எதுவரை படித்தார், வீட்டில் உங்களுக்கு முன்னால் யாராவது கல்லூரி வாசலை மிதித்ததுண்டா, படிப்பை முடித்தீர்களா, இப்போது என்ன செய்கிறீர்கள். எந்த வீட்டுப் பிள்ளை எங்கே போய்ச் சேர்ந்தது என்று மேலே இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டுமாம். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் ஓர் எண். பதினாறு வருடமாக அக்கா இதைத்தான் செய்கிறார், இன்னமும் தற்காலிகப் பணியாளராகவே.

ஆளைத் தேடிப் பிடிப்பதில் அவர் எமகாதகி. பழைய எண் வேலை செய்யாவிட்டால் அந்தத் தெருவில் இருக்கும் மருந்துக் கடைக்குப் போன் போடுவார். அங்கிருந்து தையல்காரர், தையல்காரரிடமிருந்து மச்சினன், மச்சினனிடமிருந்து ஆள். ஒருமுறை நாற்பதைத் தாண்டிய ஒருவரைப் பிடித்தார். எல்லாக் கேள்விக்கும் அவருடைய அம்மாவே பதில் சொன்னாராம். "அவனுக்கு என்னம்மா தெரியும், நான் சொல்றேன் எழுதிக்கோ" என்று. இப்போது என்ன வேலை என்று கேட்டபோது மட்டும் அந்த அம்மா சட்டென்று குரலைத் தாழ்த்தி, "சும்மாதான் இருக்கான். நல்லாப் படிச்சவன். அதையும் எழுது" என்றாராம். அக்கா எழுதினார்.

எழுதக் கூடாது. கட்டத்துக்குள் எண் மட்டும்தான் போட வேண்டும். அக்காவின் தாள்களில் ஓரமெல்லாம் எறும்பு ஊர்வதுபோல எழுத்து நெளியும். பிரிவின் கண்காணிப்பாளர் அம்மா, எல்லோருக்கும் மேடம், இதற்காகவே அவரை வாரம் ஒருமுறை கூப்பிட்டுக் கடிந்துகொள்வார். "ஏம்மா, கம்ப்யூட்டர் ஓரத்தப் படிக்காது. எத்தன தடவ சொல்றது?" அக்கா பவ்யமாகத் தலையாட்டிவிட்டு வந்து, அடுத்த தாளின் ஓரத்தில் எழுதுவார்.

அவருடைய கணிப்பு ஒன்று உண்டு. "படிச்சு முடிச்சவங்க தங்களப் பத்திச் சொல்லுவாங்க. பாதியில போனவங்க இந்த இடத்தப் பத்திக் கேப்பாங்க." நூலகத்துக்குப் பின்னால் இருந்த சைக்கிள் கொட்டகை இருக்கிறதா, விடுதிக் குழாயில் இன்னும் துருத் தண்ணீர்தான் வருகிறதா என்றெல்லாம் கேட்பார்களாம். முதல் வருடமே போய்விட்டு இப்போது டயர் கடை வைத்திருக்கும் ஒருவர், நூலகத்துக் கடிகாரம் இன்னும் பத்து நிமிடம் பின்னால்தான் ஓடுகிறதா என்று கேட்டார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா டிபன் டப்பாவைக்கூடத் திறக்காமல் நூலகத்துக்குப் போய், சுவர்க் கடிகாரத்தடியில் தன் கைக்கடிகாரத்தோடு நின்று பார்த்துவிட்டு வந்து போன் செய்தார். "பதினொரு நிமிஷம், அண்ணா." அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்தும் போனை வைக்கவில்லை. அக்காவும் வைக்காமல் காத்திருந்தார்.

இப்படி யார் எதைக் கேட்டாலும் போய்ப் பார்த்து வந்து சொல்பவர், பக்கத்துக் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு மட்டும் போக மாட்டார். அங்கே இருப்பது வேதியியல் ஆய்வகம். அதைப் பற்றி யாராவது கேட்டால், "பியூன்கிட்ட விசாரிச்சுச் சொல்றேன்" என்பார். சாவிக்கொத்தில் எந்தப் பூட்டுக்கும் சேராத குட்டிச் சாவி ஒன்று வைத்திருக்கிறார். எதற்கு என்று கேட்டால், "இருந்துட்டுப் போகட்டுமே, பாரமா என்ன?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அவரும் இங்கே படித்தவர். வேதியியல், இரண்டாம் வருடம் பாதிவரை. அம்மாவுக்கு வயிற்றில் அறுவைச் சிகிச்சை, வீட்டில் இரண்டு குட்டித் தம்பிகள், அப்பாவுக்குச் சிமெண்ட் கோடவுனில் மூட்டை தூக்கும் வேலை. நாற்பது நாள் ஊரிலேயே இருக்கும்படி ஆகிவிட்டது. நாற்பத்தோராம் நாள் தபாலில் கடிதம் வந்தது. வருகை குறைந்ததால் பெயர் நீக்கப்பட்டது என்று கீழே முத்திரையோடு. அப்பா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "அவ்ளோ பெரிய எடத்துல சீல் வெச்சு அனுப்பியிருக்காங்க. இனிமே நாம போயி என்னம்மா கேக்கறது?" என்றார். கடிதத்தை மடித்துத் துணிகளுக்கு அடியில் வைத்தார்கள். அதைத் திருப்பிப் பார்க்க அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஏழு வருடம் கழித்து இதே அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், உறையில் போடச் சொல்லி ஒரு கட்டுக் கடிதம் கொடுத்தார்கள். அதே கடிதம், அதே முத்திரை. ஒன்று நழுவிக் குப்புற விழுந்தது. பின்பக்கத்தில் நான்கு வரி: தகுந்த காரணத்தோடு முப்பது நாளுக்குள் எழுதிக் கொடுத்தால் மறுபடி சேர்த்துக்கொள்ளப்படும். அக்கா மீதிக் கடிதங்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். அழுகைகூட வரவில்லை. அன்று சாயங்காலம் வீட்டில் அப்பா வழக்கம்போல, "பெரிய எடத்துல வேல, கூட்டம் அதிகமா?" என்று ஆசையாகக் கேட்டார். இந்த விஷயம் அவர் காதுக்கு எட்டவே கூடாது என்று அக்கா அந்த நிமிடமே முடிவு செய்தார். வேறு யாரிடமும்கூடச் சொல்லவில்லை.

மேடம் ஒருமுறை பேச்சுவாக்கில் சொன்னதுண்டு. அவர் இங்கே படித்தபோது அவருக்கும் மஞ்சள் காமாலை வந்து, இதே கடிதம் வந்ததாம். அப்பா இங்கேயே பேராசிரியர். "எங்கப்பா லெட்டரத் திருப்பிப் பாத்தாரு, சாயங்காலமே எழுதிக் குடுத்தாரு, அவ்ளோதான். நான் படுத்த எடத்தவிட்டு எந்திரிக்கக்கூட இல்ல" என்று சிரித்தார். அக்காவும் கூடச் சிரித்தார். அப்புறம் குழாயடியில் ஒரு டம்ளரைக் கால்மணி நேரம் கழுவிக்கொண்டிருந்தார்.

அக்காவின் அப்பா இறந்து மூன்று வருடம் ஆகிறது. இந்த வருடம் பட்டியல் வந்தபோது அது அக்காவின் ஆண்டாக இருந்தது. தன் பெயரை அச்சில் பார்த்து அவருக்கு வெட்கமாகிவிட்டது. கூடப் படித்தவர்களுக்கெல்லாம் போன் போட்டார். விடுதியில் ஒரே வாளியை மாற்றி மாற்றிப் பயன்படுத்திய தோழி இப்போது மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் தலைமையாம். குரலை அடையாளம் கண்டு, "அடிப்பாவி, எங்கடி போன சொல்லாம கொள்ளாம?" என்று கத்தினாள். அக்கா மூன்று நாள் அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். எங்கே போனார் என்று மட்டும் அவளிடமும் சொல்லவில்லை.

கடைசியில் ஒரு தாள் மிஞ்சியது. "உன்னோடதுதானே? நீயே நெரப்பிடு. அஞ்சு நிமிஷ வேல" என்றார் மேடம். அக்கா தாளைத் திருப்பி விரல் வைத்துக் காட்டினார். பின்பக்கத்தில் ஏழாவது விதி: பதில் சொல்பவர் தாமே நிரப்பக் கூடாது, அழைத்துப் பேசிக் கேட்க வேண்டும். பதினாறு வருடத்தில் அந்த விதியைப் படித்த ஒரே ஆள் அவர்தான். மேடம் தலையில் அடித்துக்கொண்டார். அக்கா தன் கைபேசியை எடுத்துக்கொண்டு நூலகப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தார். மேடம் அலுவலகத் தொலைபேசியிலிருந்து அழைத்தார். மணி அடித்தது.

"வணக்கம், பல்கலைக்கழகத்துலேருந்து பேசறோம்," என்று மேடம் கூச்சத்தோடு ஆரம்பித்தார். "அப்பா என்ன வேல பாத்தாரு?"

"சிமெண்ட் கோடவுன்ல மூட்ட தூக்கினாரு."

"வீட்ல உங்களுக்கு முன்னாடி யாராவது காலேஜ்...?"

"நான்தான் மொதல். சேக்க வந்த அன்னிக்கு எங்கப்பா கேட்டுலயே செருப்பக் கழட்டிட்டாரு. வெயில்ல வெறுங்காலோட வந்தாரு."

மேடம் அடுத்த கேள்விக்கு வந்தார். "படிப்பப் பாதியில விட என்ன காரணம்? ஒண்ணு பணம், ரெண்டு கல்யாணம், மூணு உடம்பு, நாலு தேர்ச்சி இல்ல, அஞ்சு..."

"லெட்டர் வந்துச்சு, மேடம்." "நாங்க பின்பக்கம் பாக்கல."

மறுமுனையில் பேனா காகிதத்தில் கீறும் ஒலி கேட்டது. ஓர் எண்ணைப் போட அவ்வளவு நேரம் ஆகாது. கீறிக்கொண்டே இருந்தது.

"வேற ஏதாவது," என்று மேடம் பேனாவை மேசையில் வைத்தார். "வேற ஏதாவது சொல்லணுமா?"

"சொல்ல ஒண்ணுமில்ல. ஒண்ணு கேக்கணும்." அக்கா சாவிக்கொத்தில் இருந்த குட்டிச் சாவியைப் பிடித்துக்கொண்டார். "கெமிஸ்ட்ரி லேப்ல, ஜன்னலோரம், இருபத்தேழாம் நம்பர் டிராயர். ஊருக்குப் போறப்ப பூட்டிட்டுப் போனேன். சின்னப் பித்தளப் பூட்டு. அது இன்னும் தொங்குதா?"

மேடத்துக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்தவை. மாடிப்படி ஏறி வருடக்கணக்காகிறது.

"வெச்சிடாத," என்றார் மேடம். "பாத்துட்டு வர்றேன்."

ரிசீவர் மேசையில் படுக்கும் சத்தம், நாற்காலி பின்னால் நகரும் சத்தம், செருப்பு சரக் சரக்கென்று தேய்ந்து தேய்ந்து தூரப் போகும் சத்தம். பிறகு அந்த ஆளில்லாத அறையின் மின்விசிறி மட்டும். புத்தகத்தோடு படியிறங்கி வந்த மாணவி ஒருத்தி, "யார்கூடக்கா பேசறீங்க?" என்று கேட்டாள். கைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல், அக்கா உதட்டில் விரலை வைத்தார்.