தம்பியின் சைலன்சருக்கு எண்ணெய்க் குளியல்

என் தம்பி காரின் கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு, வெளியே வாங்கிய ஒன்றை மாட்டினான். புதிதில் அது புலி மாதிரி உறுமுகிறது என்றான். எனக்கு எருமை செருமுவது போலத்தான் கேட்டது. போகட்டும், எருமைக்கும் ஒரு கம்பீரம் உண்டு. இரண்டு சாரல் காலம் போனதும் அதுவும் போய், தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற சத்தம் வந்தது.

இதில் ரகசியம் ஒன்றுமில்லை. சைலன்சர் குழாய்க்குள் ஓட்டை போட்ட இன்னொரு குழாய் இருக்கிறது. அதைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு. சத்தத்தை விழுங்குவது பஞ்சுதான். ஓட ஓட, சூட்டில் பொடிந்து புகையோடு பறந்துவிடும். இவன் தென்காசியிலிருந்து தினமும் குற்றாலத்துக்குக் குளிக்கப் போவான். குழாய் நன்றாகச் சூடாவதற்குள் அருவி வந்துவிடும். உள்ளே சேர்ந்த ஈரம் காயாது. மிச்சமிருந்த பஞ்சு கட்டிதட்டியது, தகரம் துருப்பிடித்தது. குளித்தது அவன், சளி பிடித்தது சைலன்சருக்கு.

அந்த நேரம் பார்த்துக் கடையத்திலிருந்து சம்பந்தம் பேசி வந்தார்கள். நாற்பதைத் தொடப்போகிறவனுக்கு வந்த ஒரே நல்ல இடம். பெண்ணின் அப்பா ஓய்வுபெற்ற போலீஸ்காரர். வீடு பார்க்க வருகிறவரை அருவிக்குக் கூட்டிப்போகாமல் அனுப்புவது இங்கே மரியாதையில்லை. போவதோ இந்தக் காரில்தான். அதனால் சத்தத்தை அடக்கச் சொன்னேன். அவர் வந்த அன்று, வீட்டுக்குள் காபி குடிக்கும்போது இவன் வாசலில் குனிந்து, சைலன்சருக்குள் நல்லெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தான்.

“ஏலே, என்னல பண்ணுத?”

“சூடுதானக்கா கோளாறு. நாம தேச்சுக் குளிக்கம்லா, அது மாதிரிதான்.”

அவர் ஏறி உட்கார்ந்தார். வண்டி கிளம்பியது. பஞ்சு குடித்த எண்ணெய் புகைந்து தெருவையே மூடியது. தெருமுனை தாண்டுமுன் அவர் இருமிக்கொண்டே இறங்கிவிட்டார்.

“நான் ஆட்டோல போயிக்கிடுதேன், தம்பி,” என்றவர், ஓடிவந்த என்னிடம், “கம்பெனி சைலன்சர மாட்டட்டும்மா. மத்தத அப்பறம் பேசுவோம்,” என்றார்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு கேட்டேன். “எப்பல மாத்துவ?”

“புதுப் பஞ்சு வச்சா பழைய சத்தம் வந்துரும்க்கா. அவருக்கு ரசிக்கத் தெரியல.”

சத்தம் வரும்தான். பெண் வரமாட்டாள் என்பது இந்த மண்டையில் ஏறாது. நானே கடையத்துக்குப் போன் போட்டேன்.

“அண்ணாச்சி, நீங்க வேற இடம் பாத்துக்கிடுங்க.”

“பாத்துட்டோம்மா,” என்றார்.