மல்லேஸ்வரத்தில் ஒரு நாள் மூச்சுப் பயிற்சி: குடியை விட்டவருடன் போகிறவர்களுக்கு

என் கணவர் செல்வம் குடியை நிறுத்தி ஓராண்டு முடிந்ததும், அவருக்குச் சிகிச்சை கொடுத்த டாக்டர், "பெங்களூர்ல ஒரு நாள் தியான முகாம் நடக்குது. ரெண்டு பேருமா போயிட்டு வாங்க" என்றார். குடித்தது அவர், எனக்கு எதற்குத் தியானம் என்று முணுமுணுத்துக்கொண்டேதான் போன தை மாதம் கிளம்பினேன்.

காட்பாடியிலிருந்து ரயிலில் நான்கு மணி நேரம். மெஜஸ்டிக்கில் மெட்ரோ பிடித்தால் அடுத்த நிலையமே சம்பிகே ரோடு, பத்து ரூபாய். அங்கிருந்து மல்லேஸ்வரத்துக்கு நடந்தே போகலாம். வழிநெடுக என் கண்ணில் பட்டதெல்லாம் பார் போர்டுகள். அவர் பூக்கடைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார், அல்லது அப்படி நடித்தார்.

அன்றிரவு ஒரு லாட்ஜில் தங்கினோம். மறுநாள் ஞாயிறு. முகாம் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில், காலை ஒன்பது முதல் நான்கு வரை. சாப்பாட்டோடு ஆளுக்கு முந்நூறு ரூபாய். வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுகிறார்கள். குடியை விட்டவர்களுக்கு ஓர் அறை, குடும்பத்தாருக்கு வேறு அறை.

எங்களுக்குச் சொல்லித்தந்த அம்மா, "மூச்சு தானா வரும், தானா போகும். இழுக்கவும் வேணாம், தள்ளவும் வேணாம். சும்மா கவனிங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூச்சைக் கவனிப்பதில் என்னை மிஞ்ச ஆளுண்டா? பத்து வருடமாகச் சட்டைக் காலரைச் சரிசெய்கிற சாக்கில் அவர் வாயை முகர்ந்து பார்த்தவள் நான். ஏலக்காய், பாக்கு, எதை மென்றுவிட்டு வந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். என் சொந்த மூச்சுதான் பிடிபடவில்லை. கண்ணை மூடினால் நெஞ்சிலேயே நின்றது.

மதிய இடைவேளையில் அவரைக் காணோம். "வெளியே போனாரும்மா" என்றார் வாட்ச்மேன். போன் மேசையிலேயே கிடந்தது. தெருவுக்கு ஓடி ஓர் ஆட்டோவை நிறுத்தினேன்.

"எங்கம்மா போணும்?"

"இந்தச் சுத்துவட்டாரத்துல இருக்கிற பார் எல்லாத்துக்கும்."

டிரைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எல்லாத்துக்குமா? சாயங்காலம் ஆயிடுமேம்மா. எங்கேந்து ஆரம்பிக்கணும்?"

எங்கிருந்து? எங்கள் ஊரில் இப்படி எத்தனை கடைகள் ஏறி இறங்கியிருக்கிறேன்! கண்டுபிடித்த நாளிலும் குடித்தார், கண்டுபிடிக்காத நாளிலும் குடித்தார். கடைசியில் அவராகத்தான் நிறுத்தினார். ஆட்டோக் கம்பியைப் பிடித்தபடி நின்றபோதுதான் என் மூச்சு எனக்கே கேட்டது. நாய் இரைப்பது மாதிரி இரைத்தது. அதை அடங்கவிட்டேன். இப்போது அவர் குடித்துக்கொண்டிருந்தால்கூட என்னால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை என்று முதல்முறையாக மனதார ஒத்துக்கொண்டேன். அழுகை வரும் என்று பார்த்தால் பசி வந்தது.

"வேணாம்ணா, மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு மேலே போய் உட்கார்ந்தேன். சூடான பிசிபேளாபாத், மோர். நெய் வாசனை தூக்கியது. தட்டைக் காலி செய்தேன்.

மூன்று மணி வாக்கில் செல்வம் வந்தார். "திடீர்னு ஆசை வந்துருச்சு. பீன்யா வரைக்கும் மெட்ரோல போயிட்டுத் திரும்பி வந்தேன். அப்பவும் அடங்கல, இன்னொரு தடவை போனேன். ரயிலுக்குள்ள கடை கிடையாதுல்ல" என்றார். பிறகு பழக்கதோஷத்தில் காலரை முன்னே நீட்டி, முகத்தைக் கிட்டே கொண்டுவந்தார். "பார்த்துக்கோ."

"வேணாம். சோறு தீர்ந்துடப் போகுது, போய்ச் சாப்பிடுங்க."

போக நினைப்பவர்களுக்கு: முதல் நாளே போய்த் தங்கிவிடுங்கள், ஞாயிறு காலை மெட்ரோ தாமதமாகத்தான் தொடங்கும். தைக் குளிருக்குச் சால்வை வேண்டும். தரையில் உட்கார முடியாதவர்களுக்கு நாற்காலி தருகிறார்கள். குடித்தது நீங்கள் இல்லையென்றாலும் நீங்களும் உட்காருங்கள்.

திரும்பும் ரயிலில் அவர் என் தோளில் சாய்ந்து வாய் பிளந்து தூங்கினார். பங்காரப்பேட்டை தாண்டிய பிறகுதான் கவனித்தேன். அவர் மூச்சு என் கழுத்தில் பட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. நான் ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன்.