மிசி கதிரை மாறிய நாள்

மாவட்ட நீதிமன்றப் பதிவாளர் அறையிலேயே தலை நரைத்தவன் நான். மனிதரைவிட மனுக்களில்தான் எனக்கு மரியாதை. அந்தப் பழக்கத்தைக் கெடுத்தவர் மானிப்பாயில் எங்கள் வீடு இருக்கும் ஒழுங்கையில் குடியிருக்கும், பிள்ளைப்பேறு பார்த்து ஓய்வுபெற்ற மருத்துவமாது. ஊருக்கு அவர் மிசி.

ஒழுங்கையில் ஒரு கிணற்றில்தான் நல்ல தண்ணீர். அதன் சொந்தக்காரியான பிள்ளையில்லாத கைம்பெண், கிணறும் அதற்குப் போகும் பாதையும் ஒழுங்கைச் சனத்தின் பாவனைக்கு என்று மரணசாசனம் எழுதிவைத்துப் போய்ச் சேர்ந்தார். சாசனத்தை நிறைவேற்றுபவரும் மிசி, பிறகு கிணற்றைப் பார்க்கவேண்டிய நம்பிக்கைப் பொறுப்பாளரும் மிசி. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு பக்கத்துக் காணிக்காரர் பாதைக்குக் குறுக்கே தகரம் அடித்தார். நாங்கள் பவுசர் வண்டியில் வரும் தண்ணீருக்கு வரிசையில் நின்றோம்.

நீதிமன்றம் சாசனத்தை ஏற்றுக்கொண்டதும், பாதையைத் திறக்கும்படி நம்பிக்கைப் பொறுப்பாளராக மிசி வழக்குப் போட்டார். வழக்குரையை வாசித்து, பிழையில்லை என்று சொன்னவன் நான்.

வழக்கின் முதல் தவணையிலேயே எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழுந்தார். காணி இன்னும் நிறைவேற்றுநர் கையில் இருக்கிறது, நம்பிக்கைப் பொறுப்பாளர் பெயருக்கு உறுதிப் பத்திரம் எழுதப்படவில்லை, அப்படியிருக்க இந்த அம்மா எந்தத் தகுதியில் வழக்காடுகிறார் என்று கேட்டார். ஆள் ஒருவர்தான். ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு இருவர். ஒருவர் மற்றவருக்குக் காணியை எழுதிக் கொடுக்கவில்லை. எல்லா நடைமுறையும் அறிந்த நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீதிமன்ற விறாந்தையில் பக்கத்துக் காணிக்காரர் கருணையோடு வந்தார்.

“மிசி, வழக்கை விடுங்கோ. உங்களுக்கு மட்டும் தகரத்திலை ஒரு படலை வைச்சுத் தாறன். சாகுமட்டும் தண்ணி அள்ளுங்கோ.”

வழக்குத் தள்ளுபடியாகப் போகிறது, கிடைப்பதை வாங்குங்கள் என்று நான் காதுக்குள் சொன்னேன்.

“எனக்கெண்டு கேக்க வந்திருந்தால் இப்பவே ஓம் எண்டிருப்பன்,” என்றார் மிசி. “நான் அதுக்கு வரேல்லை.”

மீண்டும் தாக்கல் செய்யும் அனுமதியோடு வழக்கைத் திரும்பப் பெற்றார். நேரே உறுதி எழுதும் நொத்தாரிசிடம் போனோம். கொடுப்பவரும் மிசி, வாங்குபவரும் மிசி. இரண்டு கையெழுத்தையும் ஒரே இருப்பில் போடுங்கள் என்றார் நொத்தாரிசு. மிசி நிறைவேற்றுநராக ஒன்றைப் போட்டார். எழுந்தார். மேசையைச் சுற்றிவந்து எதிர்க் கதிரையில் அமர்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, உறுதியை முதல் வரியிலிருந்து வாசித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. நொத்தாரிசு மணிக்கூட்டைப் பார்த்தார்.

“சாசனத்திலை பாதை நாலடி எண்டு இருக்கு. இதிலை பாதையையே காணேல்லை.”

உண்மைதான். கிணறு இருந்தது, அதற்குப் போகும் வழி விடுபட்டிருந்தது. கொடுத்த மிசி கவனிக்காததை வாங்கிய மிசி கண்டுபிடித்துவிட்டார். என் உத்தியோக காலத்தில் எத்தனையோ பொறுப்பாளர்களைப் பார்த்திருக்கிறேன். கதிரை மாறி உட்கார்ந்தவர் இவர் ஒருவர்தான்.

உறுதியைத் திருத்தி எழுதினார்கள். இரண்டாம் வழக்கில் தகுதியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. காணிக்காரர் இணக்கத்துக்கு வந்தார். நாலடிப் பாதை, ஒழுங்கை முழுவதற்கும் என்று எழுதி, நம்பிக்கைப் பொறுப்பாளராக மிசி ஒப்பமிட்டார்.

தகரம் கழன்ற மறுநாள் காலை கிணற்றடியில் வரிசை. எனக்குப் பின்னால் மிசி, வாளியோடு.

“பொறுப்பாளர் முன்னுக்கு வரலாமே?” என்றேன்.

“இண்டைக்கு நான் அந்தக் கதிரையிலை இல்லை, அண்ணை. உங்கடை வாளியை எடுத்துக்கொண்டு முன்னுக்குப் போங்கோ.”