வீடியோவில் மிஞ்சிய கை

நான் பெரியபிள்ளையானபோது வைத்த சாமத்தியச் சடங்கின் வீடியோவில் ஓர் இடத்தில் திரையின் இடப்பக்கத்திலிருந்து ஒரு கை மட்டும் நீளும். பழத்தட்டொன்றை என் மடியருகே கொண்டுவந்து வைத்துவிட்டு மறைந்துபோகும். மணிக்கட்டைச் சுற்றி வெள்ளைக் கட்டு. நாலு விநாடிதான் இருக்கும். நடுவில் அப்பா பட்டு வேட்டியும் சால்வையுமாக, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்பார். மூன்று மணித்தியால வீடியோவில் என் மச்சாளுடையது என்று மிஞ்சியிருப்பது அந்த ஒரு கைதான். மிச்சமெல்லாவற்றையும் வெட்டச் சொன்னவர் அப்பா. அந்த நாலு விநாடியையும் வெட்டியிருப்பார்கள். வெட்டினால் அப்பாவின் நல்ல முகமும் சேர்ந்து போய்விடும் என்பதால் விட்டுவைத்தார்கள்.

மச்சாள் அப்பாவின் அக்கா மகள். பத்தொன்பது வயதில் தன்னந்தனியாக சுவிசுக்கு அகதியாக வந்து இறங்கியவள். வில் நகரத்தில் எங்களோடு இருந்துகொண்டு ஆஸ்பத்திரியொன்றின் சலவைக்கூடத்துக்கு வேலைக்குப் போனாள். ஈரப் படுக்கை விரிப்புகளை மூட்டை மூட்டையாகத் தூக்கித் தூக்கி அவளுடைய தோள் அகன்றது. கூட வேலை செய்த பெண்களிடமிருந்து பழகிய சுவிஸ் ஜெர்மன் பேச்சு அந்த ஊர்க்காரியுடையது போலவே இருந்தது. அவர்களில் ஒருத்திதான் அவளை உடற்பயிற்சி மண்டபத்துக்குக் கூட்டிப்போனாள். இரண்டு வருடத்தில் மச்சாள் ஊர் ஊராகப் போய்க் கூடாரம் அடித்துக் காட்சி நடத்தும் மல்யுத்தக் குழு ஒன்றில் சேர்ந்துவிட்டாள். வீட்டில் இடி விழுந்தது மாதிரி இருந்தது.

இதில் வெட்கம் கெட்ட விசயம் என்னவென்றால், எங்கள் வீட்டில் மல்யுத்தம் பார்க்காத ஞாயிற்றுக்கிழமையே கிடையாது. அப்பாவும் அவருடைய கூட்டாளிகளும் சற்றலைட் தொலைக்காட்சிக்கு முன்னால் குந்தியிருந்து, அமெரிக்கத் தடியன்கள் ஒருவரையொருவர் தூக்கி அடிக்கும்போது "போடு! போடடா அவனை!" என்று கத்துவார்கள். அம்மா தேத்தண்ணீரும் வடையும் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருப்பாள். அதே அப்பா, மருமகள் அதையே தொழிலாகச் செய்கிறாள் என்றதும், "குடும்ப மானம் கப்பலேறிப் போச்சு" என்று நெஞ்சில் அடித்தார். கேட்டால், அது வேறை, இது வேறையாம். என்ன வேறு என்று இன்றுவரை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

எனக்குச் சடங்கு வைத்தபோது முறைப்படி முதல் தட்டுத் தூக்க வேண்டியவள் மாமி, மச்சாளின் தாய். அவளோ இடம்பெயர்ந்து வவுனியாவில் தெரிந்தவர்கள் வீட்டில் இருந்தாள். "என்ர இடத்தில அவள் நிக்கட்டும் தம்பி. வீடியோவை மறக்காமல் அனுப்பு. படத்தில பாத்தது காணாது, பிள்ளை நடக்கிறதைப் பாக்க வேணும். கண்டு ஆறு வரியம்" என்று எழுதியிருந்தாள். கடிதம் வந்துவிட்டதால் அப்பாவால் மறுக்க முடியவில்லை. மச்சாள் வந்தாள். முதல்நாள் மல்யுத்தக் காட்சியில் சுளுக்கிய கையில் கட்டு. நாவல்பழ நிறச் சேலை. தட்டைத் தூக்கிக்கொண்டு மண்டபத்தின் நடுவே நிமிர்ந்து நடந்தாள். கமரா கிட்ட வந்தபோது அதை நேரே பார்த்துச் சிரித்தாள். தாய்க்குச் சிரித்த சிரிப்பு அது. பின்வரிசைப் பெண்கள் அவளுடைய கையைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு குசுகுசுத்தார்கள். எனக்குக் கேட்டது.

வீடியோ எடுத்தவர் சூரிச்சில் லாங்ஸ்திராச வீதிக்குப் பக்கத்தில் கசெட் கடை வைத்திருந்த அண்ணை. அந்தக் காலத்துச் சடங்கு வீடியோக்கள் எல்லாம் அவருடைய கைவண்ணம்தான். தாமரைக்குள் முகம், இதயத்துக்குள் முகம், மேலிருந்து பூ கொட்டும். அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போய், "உவள் வாற இடமெல்லாத்தையும் வெட்டிவிடும். கனடா, லண்டன் எல்லாம் போற வீடியோ" என்றார். அண்ணை தயங்கினார். என்னைப் பார்த்து, "பிள்ளை, உன்ர சடங்கு. நீ என்ன சொல்லுறாய்?" என்று கேட்டார். எனக்குப் பதின்மூன்று வயது. பின்வரிசைக் குசுகுசுப்பு காதுக்குள் இருந்தது. தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகள் பகிடி பண்ணுவார்கள் என்று பயம் வேறு. "வெட்டுங்கோ" என்றேன். அப்பா மீது எனக்கு எவ்வளவு கோபமோ, அந்தச் சொல் மீதும் அவ்வளவு கோபம்.

வெட்டிய வீடியோவின் கொப்பிதான் மாமிக்கும் போனது. ஒருநாள் வவுனியாவிலிருந்து தொலைபேசி எடுத்தாள். "எல்லாரையும் கண்டன் தம்பி. பிள்ளை வரேல்லையோ?" அப்பா நாக்கூசாமல், "அவளுக்கு லீவு குடுக்கேல்லை அக்கா" என்றார். பச்சைப் பொய். நான் பக்கத்தில்தான் நின்றேன், வாய் திறக்கவில்லை. சில கிழமைகளில் மச்சாளுக்குத் தாயிடமிருந்து கடிதம் வந்தது. ஒல்டன் ரயில் நிலையத்தில் என்னைக் கண்டபோது கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். "உன்னைக் கண்டன் பிள்ளை. கையைக் கவனமாப் பார்" என்று எழுதியிருந்தது. "பாத்தியோடி, அம்மா கட்டைக் கூடக் கவனிச்சிருக்கிறா!" என்று சின்னப்பிள்ளை போலத் துள்ளினாள். மாமி ஏன் அப்படி எழுதினாள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. அடுத்த மாரிகாலத்துக்குள் மாமி செத்துப்போனாள்.

அதன்பிறகுதான் மச்சாளுக்குத் தொலைக்காட்சி வாய்ப்பு வந்தது. மச்சாளின் குழுவிலிருந்த ஒஸ்திரியாக்காரி ஒருத்தி தொடர் நாடகத்தில் பொலிஸ்காரியாக நடிக்கப் போனாள். அவளைத் தேடி வந்தவர்கள் கண்ணில் மச்சாளும் பட்டாள். சனிக்கிழமை பின்னேரங்களில் குடும்பங்கள் போட்டிபோடும் நிகழ்ச்சி. முதலில் அவளைப் பாரம் தூக்கத்தான் கூப்பிட்டார்கள். அறிவிப்பாளனைத் தோளில் தூக்கு, பேசாமல் நில். ஒருநாள் ஒலிவாங்கியை வாங்கி ஊர்ப் பேச்சில் நாலு பகிடி விட்டாள். அடுத்த பருவத்தில் நிகழ்ச்சியே அவளுடையதாகிவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு கிழமையும் அவள் மல்யுத்த மேடையில் விழுந்த பழைய காட்சியொன்றைப் போட்டுச் சனத்தைச் சிரிக்க வைத்தார்கள். வேண்டாம் என்று அவள் கேட்டும் விடவில்லை. அவர்கள் மீதும் எனக்கு ஆத்திரம்தான்.

எங்கள் ஆட்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வாயைப் பொத்திய பின்வரிசைப் பெண்கள் அவளோடு படம் எடுக்க வரிசையில் நின்றார்கள். திரிம்பாக் ஊர்க் கோயிலில் அப்பா அர்ச்சனைத் தட்டோடு, "ரீவியில வாறது என்ர அக்காவின்ர மகள்" என்று கேளாதவர்களுக்கும் சொன்னார். அதோடு விட்டாரா? கசெட் கடைக்கு ஓடினார். வெட்டியதையெல்லாம் திரும்பச் சேர்க்க வேண்டுமாம்! அண்ணை கையை விரித்தார். மூலக் கசெட்டில் அவர் அடுத்தடுத்த கலியாணங்களை எடுத்துவிடுவது வழக்கம். மச்சாள் நடந்த நடைக்கு மேலே யாரோ ஒரு மாப்பிள்ளை தாலி கட்டிக்கொண்டிருந்தான். "பொறுப்பில்லாத மனுசன்" என்று அப்பா அவரைத் திட்டினார். அண்ணையைத் திட்டினார்!

பிறகு மச்சாளை விருந்துக்குக் கூப்பிட்டார்கள். வீடு முட்டச் சனம். சாப்பாடு முடிந்து, அப்பா உள்ளே போயிருந்த நேரம், வந்திருந்த ஒரு அக்கா விசயம் தெரியாமல் சடங்கு வீடியோவைப் போட்டுவிட்டாள். மச்சாள் முன்னுக்கு வந்து நிலத்தில் குந்தினாள். அவள் அதை அதுவரை பார்த்ததில்லை. தட்டு ஊர்வலம் வந்தது. இரண்டாவது தட்டிலிருந்து தொடங்கியது. ரிமோட்டை எடுத்துப் பின்னுக்கு ஓட்டினாள், முன்னுக்கு ஓட்டினாள். கை வந்தது, போனது. திரும்பி என்னைத்தான் பார்த்தாள்.

"அம்மாவுக்குப் போனதும் இதுதானோ?"

"ஓம்" என்றேன்.

எழும்பிச் சப்பாத்தைக் காலில் மாட்டினாள். வாசலுக்கு ஓடிவந்த அப்பா, "சனம் இருக்குது பிள்ளை" என்றார். "ஓம் மாமா, உங்களுக்கு எப்பவும் சனம் இருக்கும்" என்றுவிட்டு இறங்கிப் போனாள். பிறகு அந்தப் படியில் அவள் கால் வைத்ததில்லை.

மாமி கடைசியாக இருந்த வீட்டுக்காரப் பெண் பல வருடங்களுக்குப் பிறகு ஒரு கலியாணத்துக்கு இங்கே வந்தாள். மாமியைப் பற்றி நான் கேட்டேன். "அந்த வீடியோவைப் போட்டுப் போட்டு அந்தக் கை வாற இடத்தில நிப்பாட்டச் சொல்லுவா. 'இது என்ர பிள்ளையின்ர கை. வரேல்லை எண்டவன், கையை மட்டும் காட்டுறான். பிள்ளைக்கு என்னவோ நடந்திட்டுது, எனக்கு ஒளிக்கினம்' எண்டு அழுவா. மகளுக்குத் தெரியக்கூடாதெண்டுதான் 'கண்டன்' எண்டு எழுதச் சொன்னவ. சாகிற கிழமையும் அந்தக் கட்டைப் பற்றித்தான் கதை."

அப்பாவிடம் போய்ச் சொன்னேன். "பழசைக் கிண்டாதை" என்றார். அவருக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. அவருடைய கதிரைக்கு நேரே சுவரில், பத்திரிகையில் வந்த மச்சாளின் படம் சட்டம் போட்டுத் தொங்குகிறது. நான் போகும் நாட்களில் அந்தக் கசெட்டைப் போட்டு, அந்த நாலு விநாடியில் நிறுத்திவிடுவேன். திரையின் நடுவில் அவர் சிரித்துக்கொண்டு நிற்பார். கதிரையில் இருப்பவர் ஜன்னலைப் பார்ப்பார். பார்க்கட்டும்.

மச்சாளிடமும் சொன்னேன், இரண்டாம் முறையும் வாயைக் கட்டிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. சூரிச்சில் ஒரு கோப்பிக் கடை, வெளியே ட்ராம் போய்க்கொண்டிருந்தது. நான் "வெட்டுங்கோ" என்றதையும் சேர்த்துச் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். சட்டைக் கையைச் சுருட்டி, மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சின்னச் சுளுக்கடி அது" என்றாள். "மூண்டு நாளில மாறீட்டுது."