அக்காவின் இடுப்பு அளவு

அமைதியாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அக்காவைப் பற்றி எழுதும்போது அது என்னால் முடியாது. பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கும் வேலை எனக்கு. நாளெல்லாம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் தங்களுக்குத்தான் அதிக வலி என்று சத்தியம் செய்வார்கள். என் பொறுமையில் முக்கால்வாசி அங்கேயே தீர்ந்துவிடும். மிச்சத்தை அக்கா தீர்த்துவைப்பாள்.

அவளுக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் துணி அறையில் தையல் வேலை. ஜன்னல் இல்லாத அடித்தளம், நான்கு தையல் மெஷின், இஸ்திரிப் புழுக்கம். கிழிந்த படுக்கை விரிப்பு, நாடா அறுந்த நோயாளி அங்கி, பட்டன் போன டாக்டர் கோட்டு எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து விழும். வெள்ளை, இல்லாவிட்டால் வெளிறிய பச்சை. இருபது வருடமாக வேறு நிறத்தை அவள் கை அங்கே தொட்டதில்லை.

நாற்பத்தொரு வயதில் முதுகு பிடித்துக்கொண்டது. உடற்பயிற்சி செய்யுங்கள் என்றார் டாக்டர். டயர்க் கடைக்கு மேலே ஒரு ஹாலில் பயிற்சி நடக்கிறது என்று யாரோ சொல்லிப் போனாள். அங்கே நடந்தது பெல்லி டான்ஸ் வகுப்பு. முதுகுவலி மூன்று மாதத்தில் போய்விட்டது, ஆட்டம் மட்டும் ஒட்டிக்கொண்டது. எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஒரு நாள் தலையில் தண்ணீர் டம்ளரை வைத்துக்கொண்டு, இடுப்பால் எட்டு எட்டாக எழுதியபடி சமையலறைவரை போய்த் திரும்பி வந்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

அத்தான் திறப்பார். பார்சல் வேன் ஓட்டிக் களைத்து வந்து சோபாவில் சாய்ந்திருப்பார். அக்கா ஆடிப் பழகும்போது இடுப்புத் துணியில் தைத்த காசுகள் ஜல்லென்றால் டிவி சத்தத்தைக் கூட்டுவார்.

"தொப்பை டான்ஸ் முடிஞ்சுதா? சாப்பிடலாமா?"

"தொப்பை உங்களுக்கு, டான்ஸ் எனக்கு. தட்டை எடுத்து வைங்க," என்பாள் அக்கா.

வகுப்பின் முதல் ஆண்டு விழாவுக்கு உடைகளை வாடகைக்கு எடுத்தார்கள். தன்னுடையதை வாங்கி உள்பக்கம் புரட்டிப் பார்த்தவள் எனக்குப் போன் போட்டாள். யாரோ செத்துப்போன மாதிரி ஒரு குரல். "மணியை எல்லாம் பசை போட்டு ஒட்டியிருக்கான்டி! ஒரு தையல்கூட இல்லடி!" அன்றே முடிவு செய்துவிட்டாள். புது நோட்டு ஒன்று வாங்கி, முதல் பக்கத்தில் 'நான்' என்று தலைப்பிட்டுத் தன் அளவுகளை எழுதினாள். இரண்டு மாதம் உட்கார்ந்து ஒரு நீல நிற உடை தைத்தாள். மார்க்கச்சைக்கு உள்ளே கெட்டித் துணி கொடுத்து, எலாஸ்டிக் பட்டியைக் கழற்றிவிட்டு, மணிப் பாரம் தாங்கும் அகலப் பட்டி வைத்தாள். இடுப்புப் பட்டைக்கு மூன்று அடுக்கு கேன்வாஸ். அதிலிருந்து தொங்கும் ஒவ்வொரு மணிச்சரமும் தனி நூல், தனி முடிச்சு. நூல் மணிகளுக்குள் இறங்கி, கடைசி மணியைச் சுற்றிக்கொண்டு, வந்த வழியே மேலே ஏறும். அடியில் அறுந்தால் அந்தச் சரம் முழுக்கக் கொட்டிவிடும். அதனால்தான் அவ்வளவு அழுத்தமாக முடிச்சுப் போடுவாள்.

அந்த நீல உடையை டீச்சர் பார்த்தார். முன்வரிசையில் ஆடும் ஒரு பெண்ணுக்கு, இந்த ஒரு விழாவுக்கு மட்டும் என்று கேட்டு வாங்கினார். அந்தப் பெண்ணுக்கு நான் நட்சத்திரம் என்று பேர் வைத்திருக்கிறேன். ஆட்டம் சுமார்தான், சிரிப்பு நன்றாக இருக்கும். உடை திரும்பி வரவில்லை. "அக்கா, எனக்கும் ஒண்ணு" என்று மற்றவர்கள் வரிசையில் நின்றார்கள். இவளும் தலையாட்டினாள். எட்டு வருடம்! விழா நாளில் அக்கா ஒன்று பின்வரிசை ஓரத்தில் நிற்பாள், இல்லையென்றால் கழுத்தில் நூல் கண்டோடு திரைக்குப் பின்னால் நிற்பாள். பார்க்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளோ, "பாருடி, ஒரு மணிகூட உதிரல," என்று பூரித்துப்போவாள். இவளை என்ன செய்வது?

இந்த வருடம் டீச்சரே அவளைக் கூப்பிட்டு, "நீ தனியா ஆடு, நாலு நிமிஷம்," என்றாராம். அக்கா எனக்குப் போனில் சொன்னபோது நான் போட்ட சத்தத்தில் டோக்கன் வரிசையில் முதலாவதாக நின்ற பெரியவர் வலியை மறந்து பயந்துபோனார்.

உடைக்கு மாதுளை நிறம் எடுத்தாள். ஆனால் முதலில் மற்றவர்களுடைய பதினொரு உடைகள். அக்கா அளவெடுக்கிற முறை தனி. நிற்கவைத்து ஒரு தடவை, உட்காரவைத்து ஒரு தடவை, ஒரு பக்க இடுப்பைத் தூக்கச் சொல்லி ஒரு தடவை. நோட்டில் போன வருட அளவு இருந்தாலும் அதை நம்பமாட்டாள். "அது போன வருஷத்து உடம்பு. இது இந்த வருஷத்து உடம்பு. டேப்பைக் குடு." அத்தனை பேருக்கும் இரண்டு தடவை போட்டுப் பார்த்துத் திருத்தினாள். அவளுடையதற்குக் கடைசி மூன்று வாரம்தான் மிஞ்சியது.

"உனக்கு நான் அளவெடுக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"என் உடம்பு எனக்குத் தெரியாதா? நோட்டுல இருக்குடி. நேரத்தைக் கெடுக்காத, இந்த ஊசியில நூலைக் கோத்துக் குடு."

கோத்துக் கொடுத்தேன். புத்தி கெட்டவள் நான்.

விழா ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு. ஹாலை ஐந்தரைக்கு ஒப்படைக்க வேண்டும், ஆறு மணிக்கு வேறு யாருக்கோ கூட்டம். அக்காவின் ஆட்டம் ஏழாவது, டீச்சரும் நட்சத்திரமும் சேர்ந்து ஆடுவது எட்டாவது. அத்தானுக்கு அன்று வேலை. கிளம்பும்போது, "மெதுவா ஆடு, முதுகு பத்திரம்," என்றார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய வாழ்த்து.

ஒப்பனை அறை என்பது நாற்காலி அடுக்கிவைக்கும் அறை. ஆறாவது ஆட்டம் தொடங்கியபோது அக்கா பாவாடையைக் கட்டிக்கொண்டு, இடுப்புப் பட்டையைச் சுற்றி, பின்னால் கொக்கி மாட்டச் சொன்னாள். மாட்டப் போனேன். கொக்கி ஒரு பக்கம் நிற்கிறது, வளையம் ஒரு பக்கம் நிற்கிறது. நடுவில் நாலு விரல் இடைவெளி.

"மூச்சை இழு."

"இழுத்துட்டுத்தான்டி நிக்கிறேன்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் புரிந்துகொண்டோம். நோட்டின் முதல் பக்கம் எட்டு வருடத்துக்கு முந்தையது. ஊரார் உடம்புக்கெல்லாம் மூன்று தடவை டேப் பிடித்தவள், தன் உடம்பை அதன்பின் ஒரு தடவைகூட அளக்கவில்லை, இந்த உடையை ஒரு தடவைகூடப் போட்டுப் பார்க்கவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் கோபப்பட நேரமும் இல்லை. தையல் பெட்டியிலிருந்த ஊக்குகளை எல்லாம் கொட்டி, ஒன்றுக்குள் ஒன்றாகச் சங்கிலி போட்டு, ஆறு வரிசை கோத்து இடைவெளியை மூடினேன். மேலே முந்தானை மாதிரி ஒரு துணியைத் தொங்கவிட்டேன். அக்கா இடுப்பை ஒரு வெட்டு வெட்டிப் பார்த்தாள். பட்டை நின்றது.

"நிக்குதுடி!" என்றாள். அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை.

அந்த நேரத்தில்தான் மூலையில் சடசடவென்று மணி கொட்டுகிற சத்தம். நட்சத்திரம் கையில் கத்தரிக்கோலோடு நிற்கிறாள். சரம் முழங்காலில் இடிக்கிறதாம். கொஞ்சம் குட்டையாக்கலாம் என்று வரிசையாகப் பதினைந்து சரங்களின் அடியை நறுக்கியிருக்கிறாள், நெற்றி முடியைக் கத்தரிக்கிற மாதிரி! வெட்டின சரமெல்லாம் மேலிருந்து கீழ்வரை கொட்டிக்கொண்டிருக்கிறது.

"அக்கா! கொஞ்சம்தான் வெட்டினேன்க்கா, எல்லாமே போகுதுக்கா!"

நான் தையல் பெட்டியை மூடி, அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். "யாரும் கிட்ட வரக்கூடாது. வெட்டினவளே பொறுக்கிக் கோக்கட்டும்," என்றேன். அறையே என்னைத் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

டீச்சர் ஓடி வந்தார். என்னிடம் பேசவில்லை, அக்காவின் தோளைத் தொட்டார். "ரெண்டு நிமிஷ வேலைதானேம்மா உனக்கு. நாங்க ஆடி முடிச்சதும் நீ கடைசியில ஆடிக்கோ. கடைசியில ஆடினா உனக்குத்தான் மரியாதை."

மரியாதையாம்! அக்கா டீச்சரைப் பார்த்தாள், அழுகிற பெண்ணைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எழுந்திருடி. பாவம், அந்தப் பொண்ணு அழுறா."

"நீ ஆடிட்டு வந்து தை."

"எழுந்திருன்னு சொல்றேன்ல."

சின்ன வயதிலிருந்து அந்தக் குரலுக்கு நான் பழக்கப்பட்டவள். எழுந்துவிட்டேன். நானே பெட்டியைத் திறந்து ஊசியை எடுத்துக் கொடுத்தேன்.

இரண்டு நிமிட வேலை நாற்பது நிமிடம் பிடித்தது. அதற்குள் ஒன்பதாவதிலிருந்து மிச்ச ஆட்டங்களை எல்லாம் வரிசையை மாற்றி மாற்றி ஆடினார்கள். அக்கா மாதுளை நிற உடையில் தரையில் மண்டியிட்டு, இன்னொருத்தி இடுப்பில் சரம் கோத்துக்கொண்டிருந்தாள். நட்சத்திரமும் டீச்சரும் மேடையேறினார்கள், கைதட்டல் வாங்கினார்கள், இன்னொரு முறையும் ஆடினார்கள். அக்கா திரையோரம் போய்த் தயாராக நின்றாள். மேடை விளக்கு அணைந்தது. அவளுக்காகத்தான் அணைக்கிறார்கள் என்று நினைத்தோம். குழல் விளக்குகள் எரிந்தன. ஹால் காவலாளி சாவிக்கொத்தோடு வந்து, "மணி அஞ்சரை, காலி பண்ணுங்க," என்றார். டீச்சர் மைக்கில், உடைகள் தைத்துத் தந்த நம் அன்பான அக்காவுக்கு நன்றி என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். சத்தமாகத்தான் தட்டினார்கள்.

பஸ்ஸில் அக்கா உடைமேல் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பஸ் குலுங்கும்போதெல்லாம் உள்ளே மணிச்சரங்கள் ஜல்லென்றன. நான் டீச்சரைத் திட்டினேன், நட்சத்திரத்தைத் திட்டினேன், காவலாளியைத் திட்டினேன். 

வீட்டுக்குப் போனால் டிவி அணைந்திருந்தது. அத்தான் சட்டைகூட மாற்றாமல் எங்களுக்காகக் காத்திருந்தார்.

"எப்படி ஆடின?" என்று கேட்டார்.

"நல்லா தைச்சேன்," என்றாள் அக்கா.

அவர் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு டீ போடப் போனார்.

நான் அவளை அறைக்கு இழுத்துப்போய், கோட்டைக் கழற்றி, ஊக்குகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். முதுகில் ஊக்குத் தடம் சிவந்து கிடந்தது. டேப்பை எடுத்தேன். "நில்லு," என்றேன். நின்றாள். நோட்டின் முதல் பக்கத்தில் பழைய அளவை அடித்துவிட்டுப் புதியதை எழுதினேன். உட்காரவைத்து எழுதினேன். மூன்றாவதற்கு, "இடுப்பைத் தூக்கு," என்றேன்.

தூக்கினாள். தோள் அசையவில்லை, தலை அசையவில்லை. இடுப்பு மட்டும் தனியாக ஏறி நின்றது.

"எடுத்தாச்சு, இறக்கு."

அவள் இறக்கவில்லை. அப்படியே நின்றபடி கண்ணாடியைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"ஒருத்தரும் பார்க்கலையேடி," என்றாள்.

நான் பார்த்தேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. பெட்டியைத் திறந்து ஊசியைக் கொடுத்தவள் நான்தானே.