கால்மாட்டக்கா

எந்த இணையதளத்தைத் திறந்தாலும் அக்கா முதலில் பக்கத்தின் அடிக்குத்தான் போவார். மேலே சிரிக்கும் பெண், பாதி விலை, ஓடுகிற எழுத்து எதையும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார். சுண்டுவிரலால் விசையில் ஒரு தட்டு. பக்கம் அலறியடித்துக்கொண்டு கடைசி வரிக்கு வந்து நிற்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கு திரையில் இடிக்கிற தூரத்தில் படிப்பார். "பேரு இருக்கு. தெரு இருக்கு. கதவு நம்பரைக் காணோமே?"

சின்னக் கடைகளுக்கு இணையதளம் செய்து கொடுக்கும் அலுவலகம் எங்களுடையது. டயர் கடைக்கு மேலே இரண்டு அறைகள். படமும் நிறமும் என் வேலை. பக்கத்தின் அடியில் வரவேண்டிய சட்ட விவரங்கள் அவர் பொறுப்பு: நிறுவனத்தின் முழுப்பெயர், பதிவு எண், ஆள் இருக்கிற முகவரி, எடுக்கிற தொலைபேசி, பொருளைத் திருப்பித் தருவது எப்படி, புகாரை யாரிடம் சொல்வது, வாங்குகிறவரின் தகவல்களை வைத்து என்ன செய்வார்கள். அதனால் அவருக்குக் கால்மாட்டக்கா என்று பெயர். வைத்தவன் நான்தான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "தலைமாட்டுல நின்னு யாரு வேணா இனிக்க இனிக்கப் பேசலாம்பா. ஓடுற ஆளா, நிக்கிற ஆளான்னு காலைப் பாத்தாத்தான் தெரியும்."

கடைக்காரர்களோடு தினம் ஒரு மல்லுக்கட்டு. "அட்ரஸ் போட்டா ஜனங்க வாசல்ல வந்து நிப்பாங்க மேடம்" என்பார் ஒருவர். "நிக்கத்தான் போடச் சொல்றேன்" என்பார் இவர். சோப்பு விற்கிறவர் ஒருவர் எவருடைய விதிமுறைகளையோ அப்படியே நகலெடுத்துக்கொண்டு வந்தார். அதில் 'குதிகால் தேய்ந்தவை திரும்பப் பெறப்பட மாட்டா' என்று இருந்தது. நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அக்காவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "சோப்புக்கு ஏதுங்க குதிகால்? வாங்குறவங்களுக்குக் குடுக்குற வாக்குங்க இது. அதையும் காப்பி அடிப்பீங்களா?"

கீழே யார் படிக்கிறார்கள் என்று முதலாளியோடு சேர்ந்து நானும் கேட்டிருக்கிறேன். இப்போது கேட்பதில்லை.

போன மாதம், அக்காவுடைய தம்பி மகள், ஏழு வயசுக் குழந்தை, வயிற்று வலிக்கு ஒத்தடப் பையை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். மின்சாரத்தில் தண்ணீரைச் சூடாக்கும் பை; இணையத்தில் வாங்கியது. அது பிளந்து வலது உள்ளங்கை வெந்துவிட்டது. மறுநாள் தம்பி நேராக எங்கள் அலுவலகத்துக்கே வந்தார்.

"பணம் வேணாம்க்கா. விக்கிறதை நிறுத்துன்னு சொல்லணும், அவ்வளவுதான். நேத்து மட்டும் பதினொரு பேரு வாங்கினாங்கன்னு அந்த சைட்லயே பெருமையாப் போட்டிருக்கான். போன் பண்ணா அப்படி ஒரு நம்பரே இல்லையாம். எங்க போய்ச் சொல்றது?"

அக்கா அந்தத் தளத்தைத் திறந்தார். அடிக்குப் போனார். எட்டிப் பார்த்தேன். முகவரி இருக்கவேண்டிய இடத்தில், 'இங்கே உங்கள் உண்மையான முகவரியை எழுதவும்' என்று இருந்தது.

கடைக்காரர் பிறகு நிரப்பட்டும் என்று செய்து வைக்கும் மாதிரிப் பக்கத்தில் எல்லோரும் 'முகவரி' என்றுதான் போடுவார்கள். 'உண்மையான' என்று சேர்க்கிறவர் எனக்குத் தெரிந்து அக்கா ஒருவர்தான். அவர் விடுப்பில் இருந்த வாரத்தில், காலி இடத்தை நிரப்பாமலேயே முதலாளி வெளியே விட்ட தளம் அது. மேலே சிரித்துக்கொண்டிருந்த தாயும் குழந்தையும் நான் தேடிப் பிடித்த படம்.

"என் எழுத்துடா இது" என்றார் தம்பியிடம். "நம்ம ஆபீஸ்ல பண்ணதுடா."

அக்கா முதலாளியின் அறைக்குள் போனார். கதவைச் சாத்தவில்லை.

"வாடிக்கையாளர் விவரம் ரகசியம்மா. நாம எப்படிக் குடுக்கிறது? மெயில் போடுறேன், பதில் வரட்டும்."

"கடைக்கு அட்ரஸ் ரகசியமா? திருடனுக்குத்தான் சார் அட்ரஸ் ரகசியம்!" அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. கீழே டயர் கடையில் சுத்தியல் சத்தம் நின்றுபோயிற்று. "குழந்தைக்குக் கை வெந்திருக்கு. இன்னிக்கும் பத்துப் பதினொரு வீட்டுக்கு அந்தப் பை போகும். நீங்க பதிலுக்குக் காத்துக்கிட்டிருங்க!"

எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்தவன் பிள்ளையின் கை என்றால் எவ்வளவு நிதானம் வருகிறது இவர்களுக்கு! தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அக்கா அதற்கு ஏற்பாடு செய்தார்.

"உன் படத்தை எடு" என்றார் என்னிடம். "வாங்குற பட்டனையும் எடு. நான் சொல்றதைப் பெருசா மேல போடு." போட்டேன். 'இந்தப் பை பிளந்து ஒரு குழந்தைக்குக் கை வெந்துவிட்டது. வாங்கியவர்கள் பயன்படுத்த வேண்டாம். விவரம் கேட்க, இந்தத் தளத்தைச் செய்தவர்:' அதற்குப் பக்கத்தில் எங்கள் அலுவலக முகவரியையும் முதலாளியின் கைபேசி எண்ணையும் அவரே அடித்தார், கதவு எண் உட்பட.

அரைமணிக்குள் உள்ளே முதலாளியின் கைபேசி அடிக்கத் தொடங்கியது. முதலாளி துண்டித்தார். மறுபடி அடித்தது; மறுபடி துண்டித்தார். மூன்றாவதையும் அப்படியே. நான்காவது முறை அடித்தபோது அக்கா எழுந்து உள்ளே போனார். மேசையிலிருந்த கைபேசியை எடுத்து, பச்சையை அழுத்தி, முதலாளியின் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.