மூங்கில் மண்டபம் வரைதான் பஸ்

என் அம்மா மேடையில் தூங்கிய கதையை வீட்டு விசேஷங்களில் யாராவது ஒருவர் எடுத்துவிடுவார்கள். எல்லோரும் சிரிப்பார்கள், அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். எனக்குத்தான் இப்போதெல்லாம் சிரிப்பு வருவதில்லை. வயசாகிறதோ என்னவோ.

அப்போது நான் நான்காம் வகுப்பு படித்தேன். அம்மா ஒரகடம் பக்கம் கார்களுக்கு வயர் கட்டுகிற கம்பெனியில் இருந்தாள். அந்த வேலை கிடைத்ததே ஊர் வணிகர் சங்கத்தால்தான். கல்யாண மண்டபத்தில் மேசை போட்டு, கம்பெனிக்காரர்களையே கூட்டிவந்து பயிற்சி கொடுத்து, பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவிலிருந்து மட்டும் ஏழெட்டுப் பெண்களை அவர்கள் அனுப்பிவைத்தார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன்.

ஆனால் கம்பெனி பஸ் மூங்கில் மண்டபம் வரைதான் வரும். அங்கிருந்து எங்கள் தெருவுக்கு அரை மணி நேர நடை. முதல் ஷிஃப்ட் என்றால் விடிவதற்கு முன்பே போக வேண்டும், இரண்டாவது ஷிஃப்ட் என்றால் நாய்களும் குடிகாரர்களும் மட்டும் நடமாடுகிற நேரத்தில் திரும்ப வேண்டும். ஒருமுறை பக்கத்து வீட்டு அக்காவை ஒருவன் சந்து வரைக்கும் பின்தொடர்ந்து வந்துவிட்டான். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று அவள் மாமியார் சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் சங்கத்து ஆண்டு விழா வந்தது. சிறந்த தொழிலாளர்களுக்குப் பொன்னாடை, எவர்சில்வர் குடம். லீவே போடாதவள் என்று கம்பெனி அம்மாவின் பெயரைக் கொடுத்திருந்தது. சங்கத் தலைவர் பெரிய பட்டுக்கடைக்காரர், கம்பெனி மேனேஜர் அவரைப் பார்த்தால் எழுந்து நிற்பார் என்பார்கள். மேடையில் எல்லோர் முன்னாலும் கேட்டால் அவரால் தட்ட முடியாது என்று தெருப் பெண்கள் கூடிப் பேசி, கேட்கிற பொறுப்பை அம்மா தலையில் கட்டினார்கள்.

அம்மா அரிசி களையும்போதும் எனக்குத் தலை பின்னும்போதும் அதையே சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். "ஐயா, கம்பெனி பஸ்ஸு மூங்கில் மண்டபத்தாண்டயே நின்னுடுது. எங்க தெருமுனை வரைக்கும் வரச்சொல்லி நீங்க ஒரு வார்த்த சொல்லணும்." கேட்டுக் கேட்டு எனக்கும் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் ஆகிவிட்டது.

விழா ஞாயிற்றுக்கிழமை காலையில். அம்மா நைட் ஷிஃப்ட் முடித்து அப்போதுதான் வந்திருந்தாள். படுத்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று படுக்கவே இல்லை. குளித்து, கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு நடந்தாள்.

மேடையில் ஒருவர் மாற்றி ஒருவர் பேசினார்கள். தலைவர் நன்றாகத்தான் பேசினார். "நம்ம ஊருன்னா பட்டுப் பொடவதான்னு வெளியூர்ல நெனச்சிக்கினு இருக்காங்க. இன்னிக்கி ரோட்டுல ஓடுற காரு நம்ம பொண்ணுங்க கட்டுன வயருலதான் ஓடுது" என்றதும் கைதட்டல் அடங்கவில்லை. அந்தச் சத்தத்திலும் அம்மாவின் தலை மெல்லச் சாய்ந்தது. என் பக்கத்தில் இருந்த அந்தப் பக்கத்து வீட்டு அக்கா, "ஐயோ, உங்கம்மா தூங்குதுடி" என்று என் தொடையைக் கிள்ளினாள்.

பெயரைக் கூப்பிட்டார்கள். அம்மா அசையவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். பக்கத்து நாற்காலியில் இருந்தவர் தோளைத் தொட்டதும் திடுக்கிட்டு எழுந்து, "லைன் நின்னுடுச்சா?" என்று கேட்டாள். மைக் பக்கத்திலேயே இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது.

சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. தலைவர் மைக்கை வாங்கி, "பாத்தீங்களா, தூக்கத்துல கூட வேல ஞாபகம். இதாம்பா நம்ம ஊரு உழைப்பு" என்றார். சிரிப்பு கைதட்டலாக மாறியது. பொன்னாடை போர்த்தி, குடத்தைக் கையில் கொடுத்து, போட்டோ எடுத்தார்கள். அம்மா வாயைத் திறப்பதற்குள் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நான் கை வலிக்கத் தட்டினேன். எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? கம்பெனியில் வேலை ஓடுகிற லைன் நின்றால் யாரால் நின்றதோ அவர் தலைக்கு மேல் சிவப்பு விளக்கு எரியும், அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்பதெல்லாம், பிறகு நானும் ஒரு கம்பெனிக்குப் போனபோது தெரிந்துகொண்டதுதான்.

வெளியே வந்ததும் தெருப் பெண்கள் யாரும் அம்மாவைத் திட்டவில்லை. "வுடுக்கா, உன்ன இன்னா சொல்றது" என்றாள் அக்கா. திட்டியிருந்தால் அம்மாவுக்குத் தேவலாம் போலிருந்திருக்கும். சாப்பாடு முடிந்து மற்றவர்கள் முன்னால் போய்விட, நாங்கள் குடத்தோடு பின்னால் நடந்தோம்.

ஒரு கார் வந்து பக்கத்தில் நின்றது. தலைவர் கண்ணாடியை இறக்கி, "இன்னாம்மா, வெயில்ல நடந்தா போறீங்க? ஏறுங்க, நான் அந்தப் பக்கம்தான் போறேன்" என்றார். ஆகா, சாமியே வழி விட்டது என்று நினைத்துக்கொண்டு ஏறினேன். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, "ஐயா" என்றாள். டிரைவர் ஏசியைக் கூட்டினார். அவ்வளவுதான். முதல் வளைவு திரும்புவதற்குள் குடத்தைக் கட்டிக்கொண்டு தூங்கிவிட்டாள்.

தலைவர் திரும்பிப் பார்த்தார். "ஆரன் அடிக்காதப்பா, மெதுவா போ" என்றார் டிரைவரிடம். நல்ல மனிதர். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். பிறகு, "ஐயா, கம்பெனி பஸ்ஸு மூங்கில் மண்டபத்தாண்டயே நின்னுடுது" என்று தொடங்கி ஒரு சொல் விடாமல் ஒப்பித்துவிட்டேன்.

"யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"அம்மாதான் மேடையில சொல்லணும்னு வெச்சிருந்தாங்க. தூங்கிட்டாங்க."

அவர், "செஞ்சிடலாம் பாப்பா" என்றார். ஒரு சாக்லேட்டும் கொடுத்தார். எங்கள் தெருவில் நெசவுக்காகப் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டியிருந்ததால் கார் முனையோடு நின்றது. அம்மாவை நான்தான் எழுப்பினேன்.

வீட்டுக்குப் போகும் வழியிலேயே பஸ் வரப்போகிற சேதியைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். அம்மா மட்டும், "அவரு இன்னா சொன்னாரு, அப்டியே சொல்லு" என்றாள்.

"செஞ்சிடலாம்னாரு."

"அப்டியா" என்று பொன்னாடையை மடித்து வைத்தாள். "சரி, நான் செத்த படுக்கறேன்."

இவ்வளவு நல்ல சேதிக்கு ஏன் சந்தோஷப்படவில்லை என்று எனக்கு அம்மா மேல் கோபம் கோபமாக வந்தது.

அந்த வாரமும் அம்மாவுக்கு நைட் ஷிஃப்ட்தான். தினமும் காலையில் பல் துலக்கிக்கொண்டே தெருமுனையில் போய் நின்றேன். அம்மாவும் அக்காவும் மற்றவர்களும் நடந்துதான் வந்தார்கள். அடுத்த விழாவில் தலைவர் அம்மாவின் தூக்கத்தைச் சொல்லி மறுபடி கைதட்டல் வாங்கினார் என்று கேள்வி. அதற்கு முன்பே, ஆடி மாதத்தில், அக்காவை மாமியார் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்.

அக்கா நின்ற பிறகு, மற்றவர்களுக்கு வேறு ஷிஃப்ட் விழுந்த ஒரு காலையில் அம்மா தனியாக வந்துகொண்டிருந்தாள். நான் ஓடிப்போய்ச் சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொண்டேன்.

"பஸ்ஸு எப்பம்மா வரும்?"

அம்மா நின்று என்னைப் பார்த்தாள். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

"வரும்" என்றாள்.

தலைவரும் சொல்லிவிட்டார், அம்மாவும் சொல்லிவிட்டாள், இதற்கு மேல் என்ன வேண்டும் என்று அன்றைக்குச் சந்தோஷமாகப் பள்ளிக்கூடம் போனேன்.